எல்கார்ட்டில் ஒரு மூலை தேடி

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் வட விளிம்பில், மிச்சிகன் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எல்கார்ட். செயின்ட் ஜோசப் ஆற்றில் எல்கார்ட் ஆறு வந்து கலக்கும் ஊர். அமெரிக்கா சுற்றிப் பார்க்க வரும் நம்மவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. வந்து பார்க்கும்படியாக மலையோ அருவியோ கிடையாது. ஒரு காலத்தில் பித்தளை ஊதுகருவிகளுக்குப் பேர்போன ஊர். அல்கா-செல்ட்ஸர் மாத்திரை பிறந்ததும் இங்கேதான். இப்போது ஊரைச் சுற்றி நீளநீளமான தகரக் கொட்டகைகள், அவற்றின் முன்னால் வெள்ளை வெள்ளையாக வரிசைகட்டி நிற்கும் சக்கர வீடுகள். அமெரிக்காவில் தயாராகும் இழுவை வீடுகள், மோட்டார்ஹோம்களில் பத்துக்கு எட்டு இந்த வட்டாரத்தில் செய்யப்பட்டவை என்பது இவ்வூர்க்காரர்கள் வாய்ப்பாடு போலச் சொல்லும் கணக்கு.

நாங்கள் போனது புதிது வாங்குவதற்காக இல்லை. 1994-இல் செய்யப்பட்ட ஒரு மோட்டார்ஹோமுக்கு இடது பின் மூலை வேண்டியிருந்தது.

வண்டி என் அக்காவின் கணவருடையது. மிச்சிகனில் ஆன் ஆர்பர் பக்கம் குடியிருக்கிறார்கள். ஃபோர்டு இ-350 சேஸிஸ், 7.5 லிட்டர் எஞ்சின், டிரைவர் தலைக்கு மேல் ஒரு பரண் படுக்கை, பின்கோடியில் ஒரு கட்டில். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். வேலைக்குப் போன காலத்தில் மச்சான் ஆசையாக வாங்கிய பழைய வண்டி அது. பிள்ளைகள் வளர்ந்த கோடை விடுமுறைகளெல்லாம் அதற்குள்தான் கழிந்தன.

மழை பெய்த ஒரு மதியம், ஐ-94 நெடுஞ்சாலையில் முன்னால் போன வண்டிகள் திடீரென்று மட்டுப்பட்டிருக்கின்றன. பின்னால் வந்த சரக்கு லாரி நிற்க முடியாமல் இடது பின் மூலையில் இடித்துவிட்டது. இடித்த வேகத்தில் வண்டி திரும்பி, வலப்பக்கத் தடுப்பு இரும்பில் உரசிக்கொண்டே போய் நின்றது. அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது. மச்சானுக்கு விலாவில் அடி. பின் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை. "படுத்திருந்தா..." என்று தொடங்கி அக்கா இன்றுவரை அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எலும்பு கூடியிருந்தது. வண்டி மட்டும் ஒரு லாரிப் பட்டறையின் பின்புறம் நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். மூலை இருந்த இடத்தில் மூலை இல்லை. உள்ளே கட்டில், அலமாரி, யாரோ பாதி படித்து வைத்த புத்தகம் எல்லாம் தெருவைப் பார்த்துக் கிடந்தன.

இந்த வகை வண்டிகள் இரண்டு கைகளில் உருவாகின்றன. ஃபோர்டு தருவது எஞ்சின், இரண்டு நீள இரும்புச் சட்டம், முதுகுப்புறம் திறந்த டிரைவர் கூண்டு, அவ்வளவே. அதன்மேல் வீட்டைக் கட்டுவது இன்னொரு கம்பெனி. நான் கரூர்க்காரன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் வெறும் சேஸிஸை ஓட்டிக்கொண்டு பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வந்து சேரும் டிரைவர்களைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் இந்த ஏற்பாடு எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் கரூரில் பஸ்ஸுக்கு இரும்பில் கூடு கட்டுவார்கள். இங்கே அந்தக் காலத்து நடுத்தர விலை மோட்டார்ஹோம்களுக்குக் கூடு ஒன்றரை அங்குலப் பைன் மரச்சட்டம். இடையில் தெர்மாகோல், உட்புறம் மூன்று மில்லிமீட்டர் லுவான் பிளைவுட், வெளிப்புறம் நெளிவெடுத்த அலுமினியத் தகடு. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது ஸ்டேப்பிள் ஊசிகள். மொத்தச் சுவரும் இரண்டு விரற்கடைக் கனம் இருந்தால் அதிகம். கார்களை மோதவிட்டுச் சோதித்துப் பார்ப்பதுபோல் இந்தப் பெட்டியை மோதவிட்டுப் பார்ப்பது வழக்கமில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சமையலறையை ஓட்டிக்கொண்டு போகிறோம் என்பது இடித்த பிறகுதான் உறைக்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து படமெடுத்துப் போனார். "டோட்டல் லாஸ்" என்று கடிதம் வந்தது. விபத்துக்கு முந்தைய நாள் இந்த வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அதுதான் அவர்கள் கணக்கில் வண்டியின் மதிப்பு. ரிப்பேர் செலவு அதில் இத்தனை பங்குக்கு மேல் போனால் வண்டி செத்ததாக அர்த்தம். முப்பது வருட வண்டியின் விலை பாதாளத்துக்குப் போயிருக்கும். பட்டறையின் மணிக்கூலியோ இன்றைய கூலி. ஆகவே பழைய மோட்டார்ஹோம் எதுவும் நடுத்தரமான ஒரு இடியிலேயே காகிதத்தில் செத்துவிடுகிறது. இதைத் தெரிந்தவர்கள், வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று கம்பெனியோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி எடுப்பார்களாம். மச்சானிடம் இருந்தது சாதாரணப் பாலிசி.

அவருக்கு இரண்டு வழி இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடலாம். அல்லது உடைசல் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கி, வண்டியைத் தானே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்தால் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் "சால்வேஜ்" என்று முத்திரை விழும். சரிசெய்து, அதிகாரிகளின் சோதனையில் தேறிய பிறகு அது "ரீபில்ட்" என்று மாறும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆனால் முத்திரை விழுந்தால் விலை விழும் என்பது எல்லா மாநிலத்துக்கும் பொது.

மச்சான் வண்டியை வைத்துக்கொண்டார். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது, சொல்லவும் சொன்னேன். அவர் என்னை வண்டிக்கு அடியில் குனியச் சொன்னார். "ஃபோர்டுக்காரன் வெச்ச சட்டம் மயிரிழை நகரல மாப்ளே. வீடு கட்டுனவன் வெச்ச ஒட்டுத்தான் வளைஞ்சிருக்குது, பாருங்க."

உண்மைதான். வீட்டை நீளமாகக் கட்டுவதற்காக, ஃபோர்டின் சட்டம் முடியும் இடத்திலிருந்து இன்னொரு இரும்பை ஒட்டி நீட்டியிருந்தார்கள். லாரியின் இடியை அந்த நீட்டல் வாங்கிக்கொண்டது. லாரிப் பட்டறைக்காரர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். புள்ளிகளுக்குக் குறுக்கே மூலைவிட்டமாக டேப் பிடித்தார். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போனால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். ஒத்துப்போகாவிட்டால் வண்டியை விட்டுவிடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒத்துப்போனது. வளைந்த நீட்டலை அறுத்தெறிந்து புதிய சானல் வைத்து வெல்டு செய்தார். அதோடு அவர் எல்லை முடிந்தது. மரத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கார் பட்டறைகள் "இது வீடு" என்றன. தச்சர்களைக் கேட்டால் "இது வண்டி" என்றார்கள். மோட்டார்ஹோம் விற்கும் பெரிய கடைகளில் பலவும் பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டியை ரிப்பேருக்கு எடுப்பதில்லை. (பத்து வயதைத் தாண்டிய வண்டியை உள்ளே விடாத தனியார் முகாம்களும் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்காதாம்.) கடைசியில் லாரிப் பட்டறைக்காரர்தான் எல்கார்ட்டை அடுத்த கோஷன் ஊருக்குப் பக்கத்தில் ஒருவரைக் கைகாட்டினார். உடைந்த வண்டியை இழுவை லாரியில் அனுப்பிவிட்டு, நாங்கள் பிக்கப்பில் கிளம்பினோம்.

விரைவுச் சாலையை விட்டு யு.எஸ். 12-ஐப் பிடித்தோம். டெட்ராய்டையும் சிகாகோவையும் இணைக்கும் பழைய சாலை. பூர்வகுடிகள் நடந்து நடந்து தேய்த்த ஸாக் தடத்தின் மேல் போட்டது என்பதால் நேராகப் போகாமல் ஏரிகளையும் மேடுகளையும் சுற்றிக்கொண்டு போகிறது. கோல்ட்வாட்டர், ஸ்டர்ஜிஸ், ஒயிட் பிஜன் என்று ஒற்றைத் தெரு ஊர்கள். மே மாதம், சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. ஒயிட் பிஜனில் தெற்கே திரும்பி இந்தியானாவுக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் குதிரைச்சாணம் தென்பட ஆரம்பித்தது. அதன்பின் குதிரை வண்டிகளே வந்தன. கறுப்புப் பெட்டி, முதுகில் ஆரஞ்சு முக்கோணம், உள்ளே தொப்பி வைத்த குடும்பம்.

இவர்கள் ஆமிஷ் மக்கள். அமெரிக்காவிலுள்ள ஆமிஷ் குடியிருப்புகளில் மூன்றாவது பெரியது எல்கார்ட், லகிரேஞ்ச் மாவட்டங்களில் இருக்கிறது. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர் மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்க மாட்டார்கள். ஆனால் நிலம் சுருங்கிக் குடும்பம் பெருகியபோது, ஆண்களில் பெரும் பகுதி போய்ச் சேர்ந்த இடம் மோட்டார்ஹோம், இழுவை வீட்டுத் தொழிற்சாலைகள். விடியுமுன் வேலை தொடங்கி மதியத்துக்கு மேல் முடிந்துவிடும். கூலி எண்ணிக்கைக் கணக்கு. கையில் மரவேலை ஊறிய, சொன்ன நேரத்துக்கு வரும் ஆட்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? ஓட்டுரிமம்கூட இல்லாதவர்கள் கட்டிய வீடுகள்தான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடுகின்றன.

நாங்கள் தேடிப்போன பெரியவரும் அவர்களில் ஒருவர். மீசையில்லாத தாடி, தோள்வார் போட்ட கால்சட்டை. தொழிற்சாலையில் பக்கச்சுவர் கட்டும் பிரிவில் இருந்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தனியாக வேலை செய்கிறார். கொட்டகையில் விளக்கு கிடையாது, கூரையில் பதித்த கண்ணாடி வழியே வெளிச்சம். வெளியே ஒரு டீசல் எஞ்சின் காற்றழுத்தியை ஓட்ட, குழாய்வழி வரும் காற்றில்தான் துளைக்கருவி, ரம்பம், ஸ்டேப்பிள் துப்பாக்கி எல்லாம் இயங்குகின்றன. எங்கள் வண்டியை இழுவைக்காரரே பின்னோக்கி உள்ளே தள்ளிக் கொடுத்தார். பெரியவர் பேசாமல் அலுமினியத் தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

முதலில் பார்த்தது உடைந்த இடத்தை இல்லை. அதற்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். நனைந்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது. மூலைப் பட்டைக்குக் கீழே இருந்த பசை என்றைக்கோ காய்ந்து வெடித்து, பல வருட மழை உள்ளே போயிருக்கிறது. மரச்சட்டம் கறுத்து, ஸ்டேப்பிள்கள் துருவாகி உதிர்ந்தன. லாரி இடிக்காமலே இருந்திருந்தாலும் இந்த மூலைக்கு ஆயுள் அதிகமில்லை என்றார். மதிப்பீட்டாளரும் இதே உளுத்துப்போன மரத்தைப் படமெடுத்து, அதற்குரிய தொகையைக் கழித்திருந்தார். அப்போது மச்சான் அவரைத் திட்டித் தீர்த்தார். எனக்கென்னவோ அந்த ஒரு விஷயத்தில் மதிப்பீட்டாளர் பக்கம் நியாயம் இருந்ததாகவே படுகிறது.

"மூலை கிடைக்குமா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். டேப்பை நீட்டி அளந்து, ஒரு அட்டையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, எல்கார்ட் பக்கத்து மிச்சக் கடைகளுக்கு அனுப்பினார்.

மிச்சக் கடைகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 2008-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, முதலில் அடிபட்ட ஊர்களில் எல்கார்ட் ஒன்று. வீட்டுக் கடன் கட்ட முடியாதவன் சக்கர வீடா வாங்குவான்? 2009 தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை நெருங்கியது. பதவியேற்ற சூட்டோடு ஒபாமா பிப்ரவரியில் இங்கே வந்து பேசினார். அடுத்த மாதமே, தொழிலின் பெரும் புள்ளிகளான ஃப்ளீட்வுட், மொனாக்கோ கோச் இரண்டும் திவால் மனு கொடுத்தன. சிறிய கம்பெனிகள் எத்தனையோ சத்தமில்லாமல் மறைந்தன. கம்பெனி மூடினால் அதன் ஃபைபர்கிளாஸ் முகப்புகளை வார்த்த அச்சும், எந்த வண்டிக்கு எந்த உதிரி என்ற பட்டியலும் சேர்ந்து போய்விடும். எங்கள் வண்டியைக் கட்டியவர்களும் இப்போது இல்லை. ஃபோர்டு பகுதிக்கு உதிரி வேண்டுமென்றால் தெருமுனைக் கடையில் இன்றும் கிடைக்கும். வீட்டுப் பகுதிக்கு ஒரு கதவுக் கொண்டியைத் தேடி மாவட்டம் மாவட்டமாக அலைய வேண்டும்.

மூடிய தொழிற்சாலைகளின் சரக்கும், ஓடும் தொழிற்சாலைகளின் மாதிரி மாறும்போது மிஞ்சும் சரக்கும் இந்தக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அடுக்கிவைத்த ஜன்னல்கள், நிறுத்திவைத்த கதவுகள், நூற்றுக்கணக்கில் மடக்கு மேசைகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கழிப்பறைகள். விலைச்சீட்டு சாக்பீஸ் எழுத்து. டேப்பும் தாளும் கையுமாகப் பெரியவர்கள் திரிகிறார்கள். ஒருவர் தேடுவது கிடைக்காவிட்டால் இன்னொருவர் தானாக வந்து யோசனை சொல்கிறார். அருங்காட்சியகம் பார்த்து அடைந்த மகிழ்ச்சியைவிட எனக்கு இங்கே அதிகம்.

அருங்காட்சியகமும் பார்த்தோம். ஊருக்கு வெளியே, கட்டணச் சாலையின் ஓரமாக மோட்டார்ஹோம் தொழிலுக்கென்றே புகழ்மன்றம் ஒன்று வைத்திருக்கிறார்கள். 1913-இல் செய்த இழுவை வீடு, பாரமவுண்ட் ஸ்டூடியோ நடிகை மே வெஸ்டுக்குத் தந்த 1931 ஷெவர்லே வீட்டுக் கார் எல்லாம் மெழுகு பூசி நிற்கின்றன. மச்சான் காவலரின் கண்ணுக்குத் தப்பி, பழைய வண்டிகளின் மூலைகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைகளில் கிடைத்தவை: பின்விளக்கு (பல கம்பெனிகள் ஒரே விளக்கைத்தான் மாட்டியிருந்தன), அரை அங்குலம் சிறிதான ஜன்னல், சாமான் அறைக் கதவு, நெளிவு ஒத்துப்போன அலுமினியத் தகடு. மூலை எங்கேயும் கிடைக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வண்டி மாதிரியில் மூலை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. இரண்டு சுவர் சேருமிடத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். பெரியவர் சிரித்ததன் காரணம் அப்போது விளங்கியது. மூலையைக் கட்டத்தான் வேண்டும்.

கட்டினார். உளுத்த சட்டத்தை நல்ல மரம் தெரியும்வரை அறுத்துக்கொண்டே போனதில், பின்சுவர் முழுவதும் இடச்சுவரில் சக்கரம்வரையும் போய்விட்டன. புதுச் சட்டங்களைப் பழையதோடு பக்கவாட்டில் இணைத்துப் பசை வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். ஸ்டேப்பிள் வேண்டாமா என்றதற்கு, அது தொழிற்சாலையின் அவசரத்துக்காக வந்தது, எனக்கு அவசரமில்லை என்றார். கூரை ரப்பர் விரிப்பைப் புது மூலைக்கு மேல் இழுத்து மடித்து, பட்டைக்கு அடியில் பியூட்டைல் நாடா கொடுத்து, மேலே பசை பூசினார். பிறகு தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தார். மேலிருந்து அடித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதாம். புதுத் தகட்டின் வெள்ளையும் பழைய தகட்டின் வெள்ளையும் ஒட்டவே இல்லை. மச்சான் பெயின்ட் வேண்டாம் என்றுவிட்டார்.

கேஸ் வேலைக்கு வேறொருவர் வந்தார். தொட்டி வண்டிக்கு அடியில் இருக்கிறது. அதன் பிடிப்பு முறுக்கிக்கொண்டிருந்ததால் தொட்டியையே மாற்றச் சொன்னார். குழாயில் அழுத்தமானியை மாட்டி, வால்வை மூடி, முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கவில்லை. அடுப்புகளுக்குப் போகும் அழுத்தம் பதினோரு அங்குல நீர்மட்டத்துக்குச் சரியாக நின்றதும் அடுப்பைவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். பின்புறம் மஞ்சள் பொடி படிந்திருந்தது. இந்த வண்டிகளின் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் இல்லாமல் அம்மோனியாவால் குளிர்வது. குழாய் விரிசல் விட்டால், துரு பிடிக்காமலிருக்க உள்ளே சேர்த்த உப்பு மஞ்சளாக வெளியே வடியும். இதைச் சரிசெய்ய முயல வேண்டாம், பற்றவும் வைக்க வேண்டாம் என்று கதவில் எழுதியே ஒட்டிவிட்டுப் போனார். மறுபடி மிச்சக் கடைக்கு ஓடினோம்.

சீட் பெல்ட் விஷயத்தை அக்கா தன் கையில் எடுத்துக்கொண்டாள். விபத்தில் இழுபட்ட முன் பெல்ட் இரண்டையும் புதிதாக மாற்றச் செய்தாள். சாப்பாட்டு மேசைப் பெஞ்சின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த மரம் கூடவே அசைந்தது. பெல்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, வண்டி ஓடும்போது அந்தப் பெஞ்சில் இனி யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சோதனையில் வண்டி தேறியது. பத்திரத்தில் "ரீபில்ட்" முத்திரை. செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால், இதே வயதில் இடிபடாத வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாம். அந்த வண்டியின் மூலைக்குள் எத்தனை வருடத் தண்ணீர் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். எனவே என் தீர்ப்பு மாறிவிட்டது: மச்சான் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. சட்டம் வளைந்திருந்தால் பைத்தியக்காரத்தனம்.

உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ அங்கே பழைய மோட்டார்ஹோம் வைத்திருந்தால் சொல்லுங்கள்: வருடத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும், மதிப்பை எழுதிக்கொள்ளும் பாலிசிக்கு மாறட்டும். உதிரி தேடி எல்கார்ட் போவதாக இருந்தால் அளவும் படமும் கையில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக வேண்டாம். அன்று ஆமிஷ் கொட்டகை ஒன்றும் திறந்திருக்காது.